திருத்த வரலாறு

ஏழாம் வகுப்பு, முப்பத்தொரு பேர்,
மடிக்கணினி ஆறு.
அதில் ஒன்றுக்கு 'ழ' விசை பெயர்ந்துவிட்டது.
உள்ளே ரப்பர் மொட்டு மட்டும் தெரியும்.
அழுத்தினால் வரும், கொஞ்சம் கெஞ்சினால்.

இணையம் என் கைப்பேசியிலிருந்து.
கைப்பேசிக்கு இணையம்
செம்மடுவில், சத்துணவுக் கூடத்துச் சன்னலில்,
ஊறவைத்த கடலைச் சட்டிக்கும்
முட்டைத் தட்டுக்கும் நடுவே மட்டும்.
அங்கே சாய்த்து வைத்துவிட்டு ஓடிவர வேண்டும்.
யாராவது கூப்பிட்டால் வகுப்பே அறுந்துபோகும்.
என் தங்கை பதினோரு மணிக்குத்
தவறாமல் கூப்பிடுவாள்.

திட்டத்தின் பெயர் 'எங்கள் ஊர்க் காலை'.
ஒரே பக்கத்தில் இரண்டு பள்ளிகள் எழுத வேண்டும்.
மலையடியில் இருப்பது குகைப் பள்ளி.
'குகைக்குள்ளயா டீச்சர் படிக்கிறாங்க?
வௌவால் இருக்குமா?'
சேலத்தில் அது ஒரு பகுதி, தறி ஓடும் தெருக்கள் என்றேன்.
நம்பவில்லை. படம் கேட்டார்கள்.
படம் வர நான்கு நிமிடம்,
மேலிருந்து கீழாக:
முதலில் வானம், அப்புறம் மின்கம்பி,
கடைசியில்தான் பிள்ளைகள்.

முதல் வாரம் வெறும் வணக்கம்.
வணக்கம் வணக்கம் வணக்கம், நாற்பது வணக்கம்.
பிறகு யாரோ காப்பிச் செடியைப் படம்பிடித்துப் போட,
கீழேயிருந்து ஒரு கேள்வி:
'இதுலருந்தா பில்டர் காப்பி?'
ஒன்பது பேர் பதில் எழுதினார்கள், ஒன்பது விதமான பிழையோடு.
எப்போது பழுக்கும், யார் பறிப்பது, மூட்டை யார் சுமப்பது,
கூலி எவ்வளவு.
கூலியை மட்டும்
எல்லோரும் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள்.

சேர்வராயன் வாய் திறக்காதவன்.
பெயர் கூப்பிட்டால் கை தூக்குவதோடு சரி.
அவன் எழுதியது ஒரே வரி:
இன்று எட்டரைக்கு மலை வந்தது.

சௌடேஸ்வரி, குகை, பச்சை நிறக் கர்சர்,
மலையை மழை ஆக்கினாள்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
நானும் அதைத்தான் செய்திருப்பேன்.
அந்த விசை, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

இரவு, அஸ்தம்பட்டி வீட்டில்,
இருபது கொண்டை ஊசி இறங்கிய கிறுகிறுப்போடு
மதிப்பெண் போட உட்கார்ந்து
திருத்த வரலாற்றைத் திறந்தேன்.
மலை. மழை. மலை. மழை.
10.52, 10.53, மறுபடி 10.53.
பதினொன்றுக்கு ஒரு வெற்றிடம்: என் தங்கை.
அதன் பிறகும் மலை.

மென்பொருள் எதையும் அடிக்கோடிடவில்லை.
அதற்கு இரண்டும் சரியான சொல்.
அவன் பெயருக்குக் கீழேதான் சிவப்பு நெளிந்தது.

ஓரத்தில் அவள் கேட்டிருக்கிறாள்:
மலை எப்படி வரும்? அது அங்கேயேதானே இருக்கும்?
பன்னிரண்டு நிமிடம் கழித்து, ஒற்றை விரலால், அவன்:
பனி போனா வரும். அதுவரைக்கும் இல்ல.

பத்தொன்பது வருடமாக நடத்துகிறேன்,
பலகையில் மூன்று கட்டம் கட்டி,
ல ள ழ.

அவள் பதில் போடவில்லை.
வெள்ளிக்கிழமை பக்கத்தின் அடியில்
பச்சையில் ஒரு வரி இருந்தது:
கரண்ட் போய் தறி நின்றது. எங்கள் தெரு வந்தது.

'கரண்ட்' மேல் கர்சர் துடித்தது.
மின்சாரம் என்று தட்டி, அழித்து, விட்டுவிட்டேன்.
அதுவும் வரலாற்றில் பதிவாகியிருக்கும், என் பெயரோடு.

படிவத்தில் ஒரு கட்டம்: பிழைகளின் எண்ணிக்கை.
நிரப்பாமல் அடுத்த பக்கம் போக மாட்டேன் என்கிறது.
மூடி வைத்துவிட்டேன்.

திங்கள் காலை முதல் பேருந்து.
பதினான்காம் வளைவில் பனி ஏறிக்கொண்டது.
துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்.
இன்னும் வரவில்லை.